சொல் விளக்கம்: ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி – பட்டம் வாங்கியும் முடியாத உறவுக்குத் தமிழில் என்ன பெயர்?

தாய்வழியில் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கமலா ஹாரிஸ், வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1986ல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில் சேர்ந்தார். சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் வேர்விட்ட பெண்கள் அமைப்பு; ஃபிரட்டர்னிட்டி பெரும்பாலும் ஆண்களுடையது. ஹாரிஸ் பற்றிய இந்தச் செய்தியைத் தமிழில் எழுதும்போது ‘மாணவியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர்’ என்று எழுதத்தான் கை போகும். அதில் இரண்டு பிழைகள். அது மாணவியர் சங்கம் அல்ல; அவர் ‘இருந்தவர்’ அல்ல, இன்றும் இருப்பவர். இரண்டு பிழைகளும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. நம் ஊர்க் கல்லூரிச் சங்கங்களில் படிப்பு முடிந்தால் உறுப்பினர் பதவியும் முடிந்துவிடும். அமெரிக்காவின் இந்த அமைப்புகளில் அப்படி இல்லை. ஆகவே இந்தச் சொற்களுக்குத் தமிழ் தேடுமுன், பட்டம் வாங்கிய பிறகு அந்த உறவு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

சொற்களின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘ஃப்ராடெர்’ என்றால் உடன்பிறந்தவன், ‘சொரோர்’ என்றால் உடன்பிறந்தவள். முதலாவதிலிருந்து ஃபிரட்டர்னிட்டி, இரண்டாவதிலிருந்து சொராரிட்டி. பெண்கள் சபை என்ற பொருளில் சொராரிட்டி ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் கல்லூரி வழக்கில் அது நுழைந்தது 1882ல், சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, காமா ஃபை பீட்டா என்ற பெண்கள் அமைப்புக்கு அதைப் பரிந்துரைத்தபோது. அதற்கு முன் தோன்றிய பெண்கள் அமைப்புகள் தங்களையும் ஃபிரட்டர்னிட்டி என்றே சொல்லிக்கொண்டன. 1870ல் இந்தியானாவில் தொடங்கிய காப்பா ஆல்ஃபா தீட்டா இன்றும் தன்னை ‘பெண்கள் ஃபிரட்டர்னிட்டி’ என்றே எழுதுகிறது. எனவே ஃபிரட்டர்னிட்டி என்று கண்டதும் ஆண்கள் அமைப்பு என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கும் வழக்கம் 1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா காப்பாவோடு தொடங்கியது. அது பிற்காலத்தில் கல்வித் தகுதிக்கான கௌரவ அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் காணும் வகைக்கு மூலம், 1825ல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தோன்றிய காப்பா ஆல்ஃபா சொசைட்டி.

கட்டடத்தோடு பிணைந்த பழைய ஃபிரட்டர்னிட்டிகளில் பட்டதாரியின் பற்று பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே நிற்கும். மாணவர்கள் தங்கும் வீடு பல இடங்களில் பட்டதாரிகள் நடத்தும் ‘ஹவுஸ் கார்ப்பரேஷன்’ பெயரில் இருக்கும். வாடகை வசூல், காப்பீடு, தீயணைப்புக் குழாய், கூரை ஒழுகல் எல்லாம் அவர்கள் தலையில். கல்லூரியில் உள்ள கிளை ஒழுங்கு நடவடிக்கையால் மூடப்பட்டாலும் வீட்டுக் கடன் நிற்காது. வாடகை வராத வீட்டுக்குத் தவணை கட்டும் பொறுப்பு அதை நடத்தும் நாலைந்து பட்டதாரிகளுக்குத்தான். பொறுப்பேற்க ஆள் இல்லாமல் கைவிட்டுப் போன வீடுகளும் உண்டு.

கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஒன்பது அமைப்புகளில் கதை முற்றிலும் வேறு. ‘டிவைன் நைன்’ என்று அழைக்கப்படும் இவற்றின் பொது அவை, தேசிய பான்-ஹெலனிக் கவுன்சில், 1930ல் ஹோவர்டில் உருவானது. இந்த அமைப்புகளுக்குக் கல்லூரி ஒரு வாசல் மட்டும். உண்மையான வேலை பட்டம் வாங்கிய பிறகே தொடங்குகிறது. கல்லூரி நாளில் சேராத ஒருவர் பட்டதாரியான பின், பட்டதாரிக் கிளை வழியாகப் புதிதாகவே சேரலாம். ‘பழைய மாணவர் சங்கம்’ என்ற மொழிபெயர்ப்பு இங்கே ஏன் பொருந்தாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பட்டதாரியின் பற்று ஓர் அமைப்பின் தலையெழுத்தையே தீர்மானித்த கதை ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவுக்கு உண்டு. 1908 ஜனவரி 15 அன்று ஹோவர்டில் தொடங்கிய அது, கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்து சொராரிட்டி. 1912ல் அதன் மாணவி உறுப்பினர்கள் 22 பேர் அமைப்பின் பெயரையும் சின்னங்களையும் மாற்ற முடிவெடுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது: வளாகத்துக்குள் அடங்கிவிடாமல் பொதுவாழ்வில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த ஆண்டுதான் பட்டம் பெற்று வெளியேறியிருந்த நெல்லி குவாண்டர் இதைக் கேள்விப்பட்டார். நம் கணக்கில் அவர் ‘முன்னாள்’. ஆனால் அவர் அப்படி நினைக்கவில்லை. மாற்றத்தை எதிர்த்து நின்றார், உடன்பட்டவர்களைக் கூட்டினார், 1913 ஜனவரி 29 அன்று அமைப்பைச் சட்டப்படி பதிவு செய்து, அந்தப் பெயரும் சின்னமும் நிலைக்க வழிசெய்தார். அந்த 22 பேரோ அதற்குச் சற்று முன்பே, ஜனவரி 13 அன்று, டெல்டா சிக்மா தீட்டா என்ற புதிய சொராரிட்டியைத் தொடங்கிவிட்டார்கள். மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தும் காட்டினார்கள். இரண்டு அமைப்புகளும் இன்றும் பெரிதாக நிற்கின்றன. அன்று குவாண்டர் ‘நம் படிப்பு முடிந்துவிட்டதே’ என்று ஒதுங்கியிருந்தால், முதல் அமைப்பு அந்தப் பெயரில் இன்று இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஒரு கிளை மாணவர் கிளையா, பட்டதாரிக் கிளையா என்பதைப் பல அமைப்புகளில் பெயரை வைத்தே சொல்லிவிடலாம். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் பட்டதாரிக் கிளையின் பெயர் ‘ஒமேகா’ என்று முடியும். ஒன்பதில் ஒன்றான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஆண்கள் ஃபிரட்டர்னிட்டியில் ‘லாம்டா’ என்று முடியும். அதன் முதல் பட்டதாரிக் கிளை 1911ல் கென்டக்கியின் லூயிவில் நகரில் தொடங்கிய ஆல்ஃபா லாம்டா. டெல்டா சிக்மா தீட்டாவில் ஊர்ப்பெயரோடு, படித்து முடித்த பெண்களைக் குறிக்கும் ‘அலம்னி’ என்ற சொல் சேரும். செய்தி எழுதுவோர் இதைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இனி, உள்ளே இருப்பவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் சொல்: ‘ஃபைனான்ஷியல்’. ‘அவர் ஃபைனான்ஷியலா?’ என்று கேட்டால், இந்த ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறாரா என்று பொருள்; வசதி உள்ளவரா என்பதல்ல. சந்தா பொதுவாக அடுக்கடுக்காக வரும்: தேசியத் தலைமைக்கு ஒன்று, உள்ளூர்க் கிளைக்கு ஒன்று, சில அமைப்புகளில் மண்டலத்துக்கும் ஒன்று. கிளை இல்லாத ஊரில் இருப்பவர் தேசியச் சந்தாவை மட்டும் கட்டி, கிளை சாராத உறுப்பினராக இருக்கலாம். கட்டாமல் விட்டவர் வாக்களிக்க முடியாது, பொறுப்புக்கு நிற்க முடியாது, புதியவருக்குப் பரிந்துரை தர முடியாது. ஆனாலும் அவர் உறுப்பினர்தான். செயலற்ற உறுப்பினர், அவ்வளவே. நிலுவையைக் கட்டினால் திரும்பி வரலாம். அப்படி வருவோரை வரவேற்க சில அமைப்புகள் தனியாக ஆண்டுதோறும் இயக்கமே நடத்துகின்றன.

‘லைஃப் மெம்பர்’ என்ற சொல்லில் பலர் இடறுவார்கள். எல்லோருமே ஆயுளுக்கும் உறுப்பினர்கள் என்பது ஒன்று. மொத்தத் தொகை ஒன்றைக் கட்டி ‘லைஃப் மெம்பர்’ தகுதி பெறுவது வேறு. அந்தத் தகுதி பெற்றவருக்குப் பல அமைப்புகளில் தேசியச் சந்தா மட்டுமே நீங்கும், கிளைச் சந்தா நீங்காது. இதை அறியாமல் ‘நான்தான் ஆயுள் சந்தா கட்டிவிட்டேனே’ என்று கிளைப் பொருளாளரிடம் வாக்குவாதம் செய்வோர் எல்லா ஊரிலும் உண்டு.

உறவு அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் பட்டம் வாங்கிய முதல் சில ஆண்டுகள். மாணவர் கிளையில் பணம் வசூலிக்க ஆள் இருக்கும், கூட்டம் நடந்து போகும் தூரத்தில் நடக்கும். வெளியே வந்தால் எல்லாவற்றையும் தானே தேடிச் செய்ய வேண்டும். புதிய ஊரின் பட்டதாரிக் கிளையில் தன் வயதினர் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் அம்மா வயதில், பாட்டி வயதில் இருப்பார்கள். கல்விக் கடன் வேறு. சந்தா நினைவூட்டலோ பெற்றோர் வீட்டு முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். தொடர விரும்புபவர் கல்லூரியை விட்டு வெளியேறும் முன்பே மூன்று காரியங்களை முடித்துவிடுவது நல்லது: மாணவர் கிளையில் நிலுவை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது, தலைமையகத்தில் முகவரியையும் மின்னஞ்சலையும் மாற்றுவது, போகும் ஊரின் கிளைக்குத் தன் உறுப்பினர் பதிவை மாற்றக் கேட்பது. கல்லூரி தரும் மின்னஞ்சல் சில காலத்தில் அடைபட்டுவிடலாம் என்பதால், இரண்டாவதுதான் தவறவே கூடாதது.

நன்கொடையிலும் ஒரு நுணுக்கம். அமெரிக்க வரிச் சட்டத்தில் இந்த அமைப்புகள் பொதுவாக 501(சி)(7) பிரிவில் வரும் சங்கங்கள். அவற்றுக்குக் கட்டும் சந்தாவுக்கு வரி விலக்கு கிடையாது. அதே அமைப்பின் கல்வி அறக்கட்டளை 501(சி)(3) பிரிவில் தனியாகப் பதிவாகியிருக்கும். அதற்குத் தந்தால்தான் விலக்கு. காசோலையில் பெறுபவர் பெயர் மாறினால் விலக்கும் போய்விடும்.

பணம் வெறும் கணக்காக மட்டும் இருப்பதில்லை. 2020 தேர்தலில் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானதும், 19 டாலர் 8 சென்ட் என்று ஒரே தொகையில் சிறு நன்கொடைகள் குவிந்தன. 19.08 என்பது அவருடைய சொராரிட்டி பிறந்த ஆண்டு. அதைவிடப் பெரிய சான்று வாஷிங்டனில் கல்லாக நிற்கிறது. மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா உறுப்பினர். 1952ல் பாஸ்டனில் படித்தபோது சேர்ந்தவர். அவருக்கு நினைவிடம் அமைக்க முன்கை எடுத்தது அந்த ஃபிரட்டர்னிட்டிதான். 1996ல் நாடாளுமன்ற அனுமதி கிடைத்து, 2011 அக்டோபர் 16 அன்றுதான் நினைவிடம் அர்ப்பணிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகள் மாணவர்களால் ஒரு வேலையைச் சுமக்க முடியாது. சுமந்தவர்கள் பட்டதாரிகள்.

சாவிலும் உறவு விடுவதில்லை. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் ‘ஒமேகா’ என்ற பெயரை எந்தக் கல்லூரிக் கிளைக்கும் வைப்பதில்லை; மறைந்தவர்கள் அனைவரும் அந்தக் கிளைக்கு மாறிவிட்டதாகக் கொள்வார்கள். இறுதிச் சடங்குக்கு முன் உறுப்பினர்கள் தங்கள் முறைப்படி தனி வழிபாடு நடத்துவார்கள். இரங்கல் குறிப்பில் ‘ஒமேகா கிளையில் சேர்ந்தார்’ என்று கண்டால், காலமானார் என்று பொருள்.

பற்று தவறான வழியில் போவதும் உண்டு. புதியவர்களை அடித்தும் அவமானப்படுத்தியும் சேர்க்கும் ஹேசிங்கால் உயிர்கள் போயிருக்கின்றன. நம் ஊரில் ராகிங் என்கிறோமே, அதேதான்; ஆனால் இந்த அமைப்புகளில் அது உறுப்பினர் ஆவதற்கான விலையாகக் கேட்கப்படுகிறது. 1990ல் ஒன்பது அமைப்புகளின் பொது அவை புதியவர்களைச் சேர்க்குமுன் சோதனைக்காலத்தில் வைக்கும் பழைய ‘பிளெட்ஜிங்’ முறையைக் கைவிட்டது. அதற்குப் பின் முறைப்படி சேர்ந்தவர்களைக் ‘காகித உறுப்பினர்’ என்று ஏளனம் செய்து, இரவில் ஒளித்து நடத்தும் பழைய சடங்குக்கு இழுக்கும் பட்டதாரிகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். 2024 டிசம்பர் 23 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், ஹேசிங் சம்பவங்களைக் கல்லூரிகள் தங்கள் பாதுகாப்பு அறிக்கையில் காட்ட வேண்டும் என்கிறது. மூத்தவராகப் போய் நின்று வேடிக்கை பார்ப்பவரும் பல மாநிலங்களில் வழக்கில் சிக்கலாம். உடன்பிறந்தவர் குற்றத்தை மறைப்பது பற்று ஆகாது. அடுத்து வரும் பிள்ளையை ஆபத்தில் தள்ளும் செயல் அது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது?

‘சகோதரத்துவம்’ ஒரு பண்பின் பெயர். பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்துக்கு அது பொருந்தும், அமைப்பின் பெயராகாது. சகோதரன் என்பதே வடமொழியில் ‘ஒரே வயிற்றில் பிறந்தவன்’ என்பதுதான். தமிழில் அதற்கு நேராக ‘உடன்பிறந்தார்’ இருக்கிறது. ‘உடன்பிறப்பு’ இன்னும் சுருக்கமானது, ஆனால் தமிழ்நாட்டில் அச்சொல்லைக் கேட்டால் கட்சிக் கடித வாசம் வரும். ‘கழகம்’ என்றாலும் அதே சிக்கல். எனவே ஃபிரட்டர்னிட்டிக்கு ‘உடன்பிறந்தார் மன்றம்’, சொராரிட்டிக்கு ‘உடன்பிறந்தாள் மன்றம்’ என்பதே பொருந்தும். முதல் முறை மட்டும் மூலச்சொல்லையும் சேர்த்து எழுதினால் வாசகருக்குத் தெளிவாகும்.

பட்டத்துக்குப் பிறகும் தொடரும் இந்தப் பிணைப்புக்கு என்ன பெயர்? படித்து முடித்தவரைக் குறிக்கும் அலம்னஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு ஊட்டி வளர்க்கப்பட்டவர் என்று பொருள். அதனால் ‘செஞ்சோற்றுக்கடன்’ என்று சொல்லத் தோன்றலாம். அது சோறிட்ட தலைவனுக்குப் பட்ட கடன். இங்கே இருப்பது சமமானவர்களுக்குள் ஏற்ற உறுதி. ‘விசுவாசம்’ என்பதிலும் எசமானன் நிழல் படிந்திருக்கிறது. ‘பற்று’ பொருந்துகிறது: தானே பற்றிக்கொண்டது, விடாமல் இருப்பது. ‘நட்டபின் வீடில்லை’ என்று நட்பாராய்தலில் குறள் சொல்வதும் இந்த நிலைதான். சேருமுன் ஆராய வேண்டும், சேர்ந்தபின் விடுதலை இல்லை. நடைமுறையில் விலகல் கடிதம் தருவோரும், அண்மை ஆண்டுகளில் சமயக் காரணம் சொல்லி வெளிப்படையாகத் துறப்போரும் உண்டு. அவர்களுக்கு மட்டுமே ‘முன்னாள் உறுப்பினர்’ என்ற சொல் சரி.

மற்றவை: கிராஜுவேட் சாப்டர் – பட்டதாரிக் கிளை. ஃபைனான்ஷியல் மெம்பர் – சந்தா நடப்பில் உள்ள உறுப்பினர். இன்ஆக்டிவ் – செயலற்ற உறுப்பினர். லைஃப் மெம்பர் – ஆயுள் சந்தா உறுப்பினர். வெறுமனே ‘ஆயுள் உறுப்பினர்’ என்றால் மேலே சொன்ன குழப்பம் வரும். உறுப்பினர் ஒருவரை ஒருவர் விளிக்கும் சொல்லை ‘சோரர்’ என்று எழுதவே கூடாது, தமிழில் அது திருடர் என்று பொருள்படும். ‘சொரோர்’ என்று குறில் போட்டுத் தொடங்க வேண்டும்.

முதலில் பார்த்த வரியை இப்படி எழுதலாம்: ‘கமலா ஹாரிஸ், ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா உடன்பிறந்தாள் மன்றத்தின் உறுப்பினர், 1986ல் ஹோவர்டில் சேர்ந்தார்.’