கேள்விக்கும் ஒரு பரீட்சை

குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் லேப் வேலை பார்ப்பவரிடம், "நீங்கள் அறிவியல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரிகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் இல்லைங்க, மில்லுலதான் வேலை" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். அவர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். பிழிந்து வந்த எண்ணெயில் மாதிரி எடுக்கிறார், எடை போடுகிறார், கரைப்பானில் கரைக்கிறார். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் சட்டென்று நிறுத்துகிறார். அதிலிருந்து, எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் எத்தனை விழுக்காடு என்று கணக்குப் போடுகிறார். பழம் நசுங்கியோ தாமதமாகவோ வந்தால் அந்த எண் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். அச்சு அசலான வேதியியல் பகுப்பாய்வு இது.

அதே தாமானில் மின்பொறியியல் படித்துவிட்டுக் காப்புறுதி விற்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் இதே கேள்வியைப் போட்டால், "ஆமா, நான் என்ஜினியர்" என்று பதில் வரும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாட்டின் அறிவியல் பணியாளர் கணக்கில் முதலாமவர் விடுபட்டுவிட்டார், இரண்டாமவர் ஏறிவிட்டார்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் திறப்பது, ஆய்வுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது போன்ற முடிவுகள் இதை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. மலேசியாவில் 1992இல் தொடங்கப்பட்ட மஸ்திக் என்ற அறிவியல் தொழில்நுட்பத் தகவல் மையம் இப்படிப்பட்ட ஆய்வுகளை நடத்துகிறது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குள் இதற்கென்றே ஒரு புள்ளியியல் மையம் இயங்குகிறது.

கருத்தாய்வு என்றாலே "எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?" என்றுதான் நாம் முதலில் கேட்போம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆள் கூடக் கூடக் குறைவது ஒரு வகைப் பிழை மட்டுமே. கேள்வியிலேயே கோளாறு இருந்தால் எத்தனை பேரைச் சேர்த்தாலும் அது குறையாது. ஸ்டோரில் பால் நிறுக்கும் தராசு கோணலாக இருந்தால், பத்து வாளி நிறுத்தாலும் ஆயிரம் வாளி நிறுத்தாலும் அதே பக்கம்தான் சாயும். அதனால் ஆட்களை அளக்கப் போகும் கேள்வியை முதலில் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. முறையியல் சோதனை என்று புள்ளியியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு கேள்வி காதில் விழுந்து பதில் வாயில் வருவதற்குள் மண்டைக்குள் நான்கு வேலை நடக்கிறது என்று 1984இல் உளவியலாளர் ரோஜர் டூராஞ்சோ பிரித்துக் காட்டினார். கேள்வியைப் புரிந்துகொள்வது, நினைவிலிருந்து தேடி எடுப்பது, எடுத்ததை எடைபோடுவது, கடைசியாக அதைக் கொடுத்த கட்டங்களில் ஒன்றில் பொருத்துவது. நான்கில் எங்கு வேண்டுமானாலும் சறுக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் உளவியலாளர்களும் புள்ளியியலாளர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிய கருத்தரங்கு ஒன்று நடந்தது. அதன் விளைவாக அரசுத் துறைகளுக்குள்ளேயே கேள்விகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள் முளைத்தன. குடுவையும் இல்லை, நுண்ணோக்கியும் இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி.

அந்த மேசையில் என்ன நடக்கும்? "கடந்த 12 மாதங்களில் வேலை தொடர்பான பயிற்சி ஏதேனும் பெற்றீர்களா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பட்டதாரிகள் ஆய்வில் இதைப் போன்ற கேள்வி உண்டு. நம் ஊர் போய்லர்மேன் ஒருவரிடம் இதைச் சோதிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கேட்பவர் ஓர் இளம்பெண்.

"இல்லம்மா, எடுக்கல."

"எதையெல்லாம் நெனச்சுப் பார்த்து இல்லன்னு சொன்னீங்க அண்ணே?"

"கோலாலம்பூர் போயி, ஓட்டல்ல ரெண்டு நாள் உட்கார்ந்து, சர்ட்டிபிகேட் வாங்குறதத்தான கேக்குறீங்க? அதுக்கெல்லாம் என்ஜினியரத்தான் அனுப்புவாங்க."

"மில்லுலயே யாராச்சும் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"அது நடந்துச்சு. புது வால்வு மாட்டுனப்ப கம்பெனிக்காரன் வந்து ஒரு நாள் பூரா காட்டுனான். அதுவும் பயிற்சியா?"

"எப்பண்ணே அது?"

"தீபாவளிக்கு முன்னாடி. இருங்க… அது போன வருசத் தீபாவளியா, அதுக்கு முந்துனதா?"

சில நிமிடப் பேச்சில் இரண்டு ஓட்டை தெரிந்துவிட்டது. பயிற்சி என்றதும் அவர் மனத்தில் வருவது ஓட்டல், சான்றிதழ், வெளியூர்ப் பயணம். மில்லுக்குள் கற்றது அந்தப் பட்டியலில் சேரவே இல்லை. இன்னொன்று, 12 மாதம் என்ற வேலி நினைவில் அத்தனை திடமாக நிற்பதில்லை. மனத்தில் பதிந்த சம்பவம் உண்மையில் நடந்ததைவிடச் சமீபத்தில் நடந்ததுபோல் தோன்றுவது எல்லாருக்கும் நேர்வது. ஆய்வாளர்கள் இதற்கு மருந்தாகக் கேள்விக்குள்ளேயே எடுத்துக்காட்டுகளை வைப்பார்கள், காலத்தைப் பெயர் சொல்லிக் கட்டுவார்கள். "சென்ற ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து" என்று தேதி போடுவது ஒரு வழி. பண்டிகையைச் சொல்லி நினைவுபடுத்துவது இன்னொரு வழி. நம் ஊரில் தைப்பூசமும் தீபாவளியும் ஜூன் முதல் தேதியைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் கருத்து. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் என்பதுதான் அதில் உள்ள வம்பு.

இந்த வகை நேர்காணலுக்குப் பத்திருபது பேர் போதும். பேசிப் பார்ப்பார்கள், கேள்வியைத் திருத்துவார்கள், புதிய ஆட்களிடம் மறுபடி பேசுவார்கள். இது எங்கே ஓட்டை என்று காட்டும், எவ்வளவு ஒழுகுகிறது என்று சொல்லாது. அதற்குப் பரிசோதனைதான் வேண்டும். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய கேள்வியும் மறுபாதிக்குப் புதியதும் கொடுப்பார்கள். குலுக்கிப் பிரித்ததால் இரு பாதிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்கள். பதில் வேறுபட்டால் காரணம் கேள்வியேதான்.

இதற்கு என்னிடம் கேட்டால் 2012இல் அமெரிக்காவில் நடந்ததைத்தான் சொல்வேன். அங்கே பொதுமக்களின் அறிவியல் அறிவை அளக்க, "இன்றைய மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து தோன்றியவர்கள்: சரியா, தவறா?" என்ற கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். அமெரிக்கர்கள் இதில் மோசமாக வாங்குவார்கள், தலைப்புச் செய்தி ஆகும். ஆனால் தெரியாததால் தவறு என்கிறார்களா, தெரிந்தும் ஏற்காததால் சொல்கிறார்களா? விவாதம் முற்றி, இந்த முடிவுகளை வெளியிடும் 2010ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். கடும் விமர்சனம் வந்தது. வர வேண்டியதுதான், கேள்வி சங்கடம் தந்தால் அதைச் சோதிக்க வேண்டுமே தவிர, விடையை மறைப்பது எந்த ஊர் நியாயம்?

2012இல் சோதித்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய வாக்கியம். மறுபாதிக்கு அதே வாக்கியத்தின் முன்னால் "பரிணாமக் கோட்பாட்டின்படி" என்ற சொற்கள் மட்டும் கூடுதல். பழையதற்குச் சரி என்றவர்கள் 48 விழுக்காடு, புதியதற்கு 72. பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்ற கேள்விக்கும் "வானியலாளர்கள் கூற்றுப்படி" என்று சேர்த்தபோது 39 விழுக்காடு 60 ஆனது. கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய கேள்வி அறிவையும் நம்பிக்கையையும் சேர்த்துக் கலந்து அளந்துகொண்டிருந்தது.

இத்தனை பெரிய இடைவெளி தற்செயலாக வராதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதிக்கு 1,000 பேர் என்றால், வெறும் குலுக்கலால் வரக்கூடிய வேறுபாடு பெரும்பாலும் 4 புள்ளிச் சொச்சத்துக்குள் அடங்கிவிடும். 100 பேர் என்றால் அது 14 புள்ளி வரை போகும். 48க்கும் 72க்கும் இடையிலான 24 புள்ளி இரண்டையும் தாண்டியது. மாறாக, இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், செலவு எகிறும்.

சொற்களைத் தொடாமல் விடைக் கட்டங்களை மட்டும் மாற்றினாலும் பதில் நகரும். 1985இல் நோர்பர்ட் ஷ்வார்ட்ஸ் குழுவினர் ஜெர்மனியில் தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்குக் கட்டங்கள் அரை மணியில் தொடங்கி இரண்டரை மணிக்கு மேல் என்று முடிந்தன. இன்னொரு குழுவுக்கு முதல் கட்டமே இரண்டரை மணி வரை. இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 16 விழுக்காடு, இரண்டாவதில் 38. நடுக்கட்டம்தான் எல்லாரும் செய்வது போலிருக்கிறது என்று நினைத்து மக்கள் தங்களை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வுக்குச் செலவிடுகிறீர்கள் என்று பேராசிரியரைக் கேட்டாலும் இதே ஆபத்துதான்.

தனி மனிதரைக் கேட்பதே இப்படியென்றால், நிறுவனத்தைக் கேட்பது அதைவிடச் சிக்கல். ஆய்வும் மேம்பாடும் எது என்பதற்கு 1963 முதல் ஃபிராஸ்காட்டி கையேடு என்ற சர்வதேச இலக்கணம் இருக்கிறது. 2015 பதிப்பு ஐந்து நிபந்தனை வைக்கிறது: புதுமை, படைப்பூக்கம், முடிவு முன்கூட்டித் தெரியாமை, முறையான திட்டம், பிறருக்குக் கைமாற்றத்தக்க தன்மை. காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்கு ஆட்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டபிறகு அந்த வேலையை வண்டே பார்த்துக்கொண்டது. அந்த வண்டு வேறு பயிரைத் தின்னுமா, இங்கே பிழைக்குமா என்று பார்த்தது ஆய்வு, சந்தேகமில்லை. இன்றைக்கு ஒருவர் ஆண்பூவை வெட்டி வண்டுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறார். அது வழக்கமான கண்காணிப்பு, ஆய்வுக் கணக்கில் சேராது. ஆனால் அதே எண்ணிக்கையை ஒரு புதிய உரத்தின் விளைவைப் பார்க்க எடுத்தால் சேரும். கை ஒன்று, வேலை ஒன்று, கணக்கு வேறு.

இப்போது தோட்ட ஆபீஸ் கிராணியின் மேசையில் ஆய்வுச் செலவு எவ்வளவு என்று ஒரு பாரம் வந்தால்? அவர் புத்தகத்தில் உரம், கூலி, வாகனம், பராமரிப்பு என்று தலைப்புகள் இருக்கும். ஆய்வு என்று ஒரு பத்தி இருக்காது. அவரும் மனுசன்தான், ஏதோ ஓர் எண்ணைப் போட்டு அனுப்புவார், அல்லது பூஜ்யம். அமெரிக்காவில் 1953 முதல் நடந்த, கம்பெனிகளின் ஆய்வுச் செலவுக் கணக்கெடுப்பை 2008ஆம் ஆண்டுக்கான சுற்றில் புதிய வடிவத்துக்கு மாற்றியபோது, கம்பெனி ஆட்களோடு பேசிப் பார்த்துத்தான் பாரத்தை வடிவமைத்தார்கள். எல்லாப் பதிலும் தெரிந்த ஓர் ஆள் எந்தப் பெரிய கம்பெனியிலும் இல்லை. அதனால் பாரத்தைப் பகுதிகளாக வெட்டி, பணக் கணக்கு ஒருவருக்கு, பணியாளர் விவரம் இன்னொருவருக்கு, காப்புரிமை வேறொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கும்படி செய்தார்கள்.

களத்தில் கேள்வி என்ன பாடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒத்திகையில், அனுமதி வாங்கிப் பேச்சைப் பதிவு செய்து, கணக்கெடுப்பாளர் எழுதியபடி வாசித்தாரா, கேட்டவர் "என்னங்க?" என்றாரா என்று ஒவ்வொரு கேள்விக்கும் குறி போடுவார்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு மேல் தடுமாற்றம் வந்தால் கேள்வி பட்டறைக்குத் திரும்பும்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மக்களைப் பாரம் நிரப்பச் சொல்லித் தொல்லை செய்யக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்க எந்த மத்திய அரசுத் துறைக்கும் முன் அனுமதி வேண்டும். கேள்வி நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கவும் அதே அனுமதிதான்! ஒவ்வொரு சிறு சோதனைக்கும் முழு நடைமுறையைச் சுற்றினால் காலம் போய்விடும் என்பதால், அறிவியல் புள்ளியியல் மையம் போன்றவை பல சோதனைகளுக்குச் சேர்த்து ஒரு பொது அனுமதி வாங்கி வைத்துக்கொள்கின்றன.

அப்புறம், நல்ல கேள்வி கிடைத்தவுடன் பழையதைத் தூக்கி எறியவும் முடியாது. எறிந்தால், அடுத்த ஆண்டு எண் ஏறியதற்குக் காரணம் நாடு மாறியதா, கேள்வி மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். ஆகவே ஒரு சுற்றாவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுவார்கள். 2012 சோதனையில் பாதிப் பேருக்குப் பழைய வாக்கியமே போனதால், 1980களிலிருந்து வந்த வரிசை அறுபடவில்லை. புதிய கேள்வியின் 72ஐப் பழைய 48உடன் ஒப்பிடவும் ஒரு வழி கிடைத்தது.