கழித்துவிட்ட ரெஸ்யூமேக்களையும் திறந்து பாருங்கள்

சென்ற வருடம் ஒரு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு 300-க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. நாங்கள் புதிதாக வாங்கியிருந்த ஏஐ மென்பொருள் கொஞ்ச நேரத்தில் அத்தனையையும் படித்து, மதிப்பெண் போட்டு, 20 பேரைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டது. 16 வருடமாக எச்.ஆர். வேலையில் இருக்கும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மாலையில் ஏதோ உறுத்த, கழிந்துபோன ரெஸ்யூமேக்களைத் திறந்தேன்.

அதில் ஒரு பெண்ணுடையது. 9 வருட அனுபவம். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பி.எஃப்., சம்பளப் பட்டியல் என்று நாங்கள் கேட்ட எல்லாமே இருந்தது. நடுவில் மூன்று வருடம் மட்டும் வேலையில் இல்லை. மதிப்பெண் 100-க்கு 31.

அந்த மென்பொருளுக்குப் பெண்கள் மேல் என்ன பகை இருக்க முடியும்? அதைப் பழக்குவதற்கு நாங்கள் கொடுத்தது எங்களுடைய பழைய தேர்வுப் பட்டியல்களைத்தான். அவற்றை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் கேப் இருந்தவர்கள் யாரையும் நாங்கள் இன்டர்வியூவுக்கே கூப்பிட்டிருக்கவில்லை. அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதியில்லை. "கேப் இருக்கே, டச் விட்டுப் போயிருக்கும்" என்று பேச்சுவாக்கில் சொல்லி ஒதுக்கியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். குழந்தைக்காகவும், படுத்த படுக்கையான மாமனார் மாமியாருக்காகவும் நம் ஊரில் வேலையை விடுவது யார்? அது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. நமக்கே தெரியாத மனச்சாய்வு என்பது இதுதான்.

அமேசானில் நடந்ததும் இதே கதை. 2014-லிருந்து அங்கே ஒரு குழு, ரெஸ்யூமேக்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடும் மென்பொருளை உருவாக்கியது. பத்து வருடங்களில் வந்த விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'மகளிர் செஸ் கிளப் தலைவர்' என்பது போல 'மகளிர்' என்ற சொல் வந்தாலே மதிப்பெண் குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களும் கீழே போனார்கள். திருத்திப் பார்த்தார்கள். ஆனால் வேறு வழியில் மறுபடி பாரபட்சம் காட்டாது என்று உறுதி சொல்ல முடியவில்லை. திட்டத்தையே கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது.

தெருவுக்குத் தெரு மகளிர் கல்லூரி இருக்கிற தமிழ்நாட்டில் இதைப் படித்தபோது எனக்கு பக்கென்றது. 'ஆணா, பெண்ணா என்கிற கட்டத்தையே எடுத்துவிட்டோம், இனி பிரச்சினை இல்லை' என்று விற்க வருபவர்கள் சொல்வார்கள். கல்லூரிப் பெயர் ஒன்று போதுமே, காட்டிக் கொடுத்துவிடும்.

சாதியும் மதமும் அப்படித்தான். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007-இல் வெளிவந்த ஆய்வு அது. அந்த விண்ணப்பங்களை அன்று கழித்தது எந்த மென்பொருளும் இல்லை, என்னைப் போன்றவர்கள்தான். நாம் இங்கே சாதிப் பெயர் போடாமல் இனிஷியலோடு நிறுத்திக்கொள்கிறோம், சரி. ஆனால் மதம் பெயரிலேயே தெரிகிறது. முகவரியில் ஊரும் தெருவும் இருக்கின்றன.

இப்போது நாங்கள் ஒவ்வொரு வேலைக்கும் கழிந்தவற்றில் 25 ரெஸ்யூமேக்களை எடுத்துக் கையால் படிக்கிறோம். சில சமயம் ஒரே ரெஸ்யூமேயில் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றி இரண்டு தடவை ஏற்றிப் பார்ப்போம். மதிப்பெண் மாறினால் மென்பொருள் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் காரணம் கேட்போம். நியூயார்க் நகரத்தில் இப்படிப்பட்ட கருவிகளை வருடம் ஒருமுறை வெளியாள் தணிக்கை செய்ய வேண்டும் என்ற சட்டம் 2023 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்த 25 ரெஸ்யூமேக்களுக்கு ஒரு மதியம் போதும்.

அந்தப் பெண்ணை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டோம். மூன்று வருடமும் வீட்டிலிருந்தே பக்கத்து ஹார்டுவேர் கடைக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏன் ரெஸ்யூமேயில் எழுதவில்லை என்று கேட்டேன். "சம்பளம் வாங்கலையே மேடம், அதையெல்லாம் எழுதலாமா?" என்றார்.

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் இப்போது அதற்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம்.