எடை குறைந்தது, இடுப்பு குறையவில்லை

"அண்ணா, மூணு கிலோ குறைஞ்சிருக்கு. ஆனா சுடிதார் இடுப்பு மட்டும் அப்படியேதான் இறுக்குது."

இரண்டு மாதத்துக்கு முன் தங்கை போனில் இப்படிச் சொன்னாள். வீடு தாம்பரத்தில், வேலை சோழிங்கநல்லூரில். காலை ஷிஃப்ட்டுக்கு ஐந்தரைக்கே கேப் வாசலில் வந்து நிற்கும். நாலரைக்கு எழுந்து, பிள்ளைக்கு டிபன் கட்டி வைத்துவிட்டுக் கிளம்புவாள். மாலையில் சமையல், பாடம், பாத்திரம் எல்லாம் முடித்துப் படுக்கும்போது மணி பதினொன்றரை. எடை குறைக்க அவள் கண்ட வழி, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் மோரோடு படுத்துக்கொள்வது. இவ்வளவு பட்டினி கிடந்தும் வயிறு குறையவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம். அந்தக் கோபத்துக்கு அவசியமே இல்லை.

வெயிட் மிஷின் காட்டும் எண்ணில் கொழுப்பு, தசை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. சாப்பாடு குறைந்ததும் உடல் முதலில் கைவைப்பது கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பில். ஒரு கிராம் கிளைகோஜன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய வேண்டுமென்றால் சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். அது ஒரு வாரத்தில் நடக்கிற காரியமில்லை.

அதற்குப் பிறகு கரைவது கொழுப்பா, தசையா? இதில் தூக்கத்துக்கு இருக்கும் பங்கை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது; 2010இல் வெளியானது. உடல் பருமன் கூடிய பத்துப் பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். பதினான்கு நாள் இரவில் எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு பதினான்கு நாள் ஐந்தரை மணி நேரம் மட்டும். உணவின் அளவு இரண்டு முறையும் ஒன்றுதான். குறைந்த எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், மூன்று கிலோ. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு வெறும் 0.6 கிலோ, மீதியெல்லாம் தசை முதலான கொழுப்பில்லாத பகுதி. அதே பட்டினிக்குப் பாதிகூடப் பலன் இல்லை. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் தங்கையின் மூன்று கிலோ எங்கிருந்து போயிருக்கும் என்று இதைப் படித்ததும் எனக்குப் பிடிபட்டது.

தூக்கம் கெட்டால் பசியும் ஏறும். "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. "பசிக்கிறது" என்று சொல்லும் கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையிலிருந்து வருகிறது. இளைஞர்களை இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வொன்றில், லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. இனிப்பும் உப்பும் மாவுப் பண்டமும்தான் அவர்கள் மனம் கேட்டது. பதினோரு மணி டீயோடு ஒரு பப்ஸைக் கை தேடினால், முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

தசை போவது நம்மவர்களுக்கு இன்னும் பெரிய நஷ்டம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கின் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடலில் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் நம் உடம்பிலும் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றைச் சுற்றி. இருக்கிற தசையையும் பட்டினியில் கரைத்தால், சர்க்கரையை உள்வாங்கிச் செலவழிக்கிற இடமே சுருங்கிப்போகும்.

உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செலவையும் சுருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட பதினான்கு பேரை ஆறு ஆண்டு கழித்து ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு மறுபடி சோதித்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அப்போதும் அவர்கள் உடல் ஓய்வில் எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. இதை மனவுறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

நேரமில்லாதவர்கள் ஜிம்முக்குப் போகமுடியவில்லையே என்று ஏங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது மீதி நேரத்தைப் பற்றி. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர் ஜேம்ஸ் லெவைன் 1999இல் வெளியான ஆய்வில் பதினாறு பேருக்கு எட்டு வாரம், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார். சிலருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறவில்லை, சிலருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. வித்தியாசம் உடற்பயிற்சியால் வந்ததில்லை; எழுவது, நடப்பது, நிற்பது, கைகாலை அசைப்பது என்ற சில்லறை அசைவுகளால் வந்தது. நம் பாட்டிமார் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கிணற்றடியிலும் செலவழித்தது இதைத்தான். கேபில் ஒன்றரை மணி, நாற்காலியில் ஒன்பது மணி என்றால் இந்தக் கணக்கு அடியோடு விழுந்துவிடுகிறது.

தங்கையின் ஷிஃப்ட்டை மாற்ற முடியவில்லை. மாறியது வீட்டு வேலைதான். ராத்திரிப் பாத்திரமும் மறுநாள் டிபனும் இப்போது மாப்பிள்ளை பொறுப்பு. ஏழரைக்கே இரண்டு சப்பாத்தி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது இரண்டு முட்டை; தசைக்குப் புரதம் வேண்டுமே. பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். ஆபீஸில் போன் வந்தால் எழுந்து நடந்தபடி பேசுகிறாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் தையல் டேப் தொங்குகிறது. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் இடுப்பளவு எல்லை. ஆறு வாரத்தில் வெயிட் மிஷின் எண் அரைக் கிலோதான் இறங்கியிருக்கிறது. டேப்பில் மூன்று சென்டிமீட்டர். "நாடாவ ஒரு முடிச்சு தள்ளிக் கட்டுறேண்ணா" என்றாள் நேற்று.