ஆய்வுப்பெயர்ப்பு: ஒரு மருத்துவச் சொல்லின் விளக்கம்

ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்ட ஓர் உண்மையை நோயாளிக்குப் பயன்படும் மருந்தாகவோ, பரிசோதனையாகவோ, சிகிச்சை முறையாகவோ ஆக்கும் பணி ஆங்கிலத்தில் 'ட்ரான்ஸ்லேஷனல் மெடிசின்' எனப்படுகிறது. 1990களில் பரவத் தொடங்கிய இத்தொடர் இன்று கொழும்பின் மருத்துவக் கருத்தரங்குகளிலும் சாதாரணமாகக் கேட்கிறது. ஆனால் தமிழில் அதற்கு நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை.

இலத்தீனில் 'ட்ரான்ஸ்லேஷன்' என்பதன் வேர்ச்சொல்லுக்கு 'ஒரு புறமிருந்து மறுபுறம் கொண்டு சேர்த்தல்' என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் புனிதர்களின் திருப்பண்டங்களை ஓர் ஆலயத்திலிருந்து வேறோர் ஆலயத்துக்கு எடுத்துச் செல்வதையும் இச்சொல்லாலேயே குறித்தனர். மொழிமாற்றம் அதன் பொருள்களுள் ஒன்று மட்டுமே. ஆகவே 'மொழிபெயர்ப்பு மருத்துவம்' என்று எழுதுவது பிழை. 'மாற்று மருத்துவம்' அதனினும் தீங்கானது. அதைக் கேட்டவுடன் ஆயுர்வேதமும் சித்தமுமே நினைவுக்கு வரும். 'பிரயோக ஆய்வு' என்பதோ வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே உரியது.

வழி தமிழிலேயே இருக்கிறது. 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்று தொல்காப்பிய மரபியல் கூறும்போது, 'பெயர்த்தல்' என்பது ஓரிடத்திலுள்ளதை எடுத்து மற்றோரிடத்தில் வைத்தல் என்ற பொருளிலேயே வருகிறது. பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. முன்னதிலிருந்து, நம் மக்கள் நன்கறிந்த 'இடப்பெயர்வு' பிறந்தது. பின்னதிலிருந்து 'மொழிபெயர்ப்பு' பிறந்தது. ஓர் ஆய்வு முடிவு தானாக நோயாளியிடம் பெயர்ந்து வருவதில்லை, அதைப் பெயர்த்துக் கொண்டுவரப் பலர் வேண்டும் என்பதால், 'பெயர்வு' அன்றிப் 'பெயர்ப்பு' என்பதே பொருந்தும். எனவே 'ஆய்வுப்பெயர்ப்பு' என்ற சொல்லையும், அதன் வழியாக 'ஆய்வுப்பெயர்ப்பு மருத்துவம்' என்ற தொடரையும் முன்மொழிகிறேன்.

அந்தப் பலர் யாவர் என்பதை இன்சுலினின் வரலாறு காட்டும். 1921இல் டொரொன்டோவில் ஆய்வாளர்கள் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலின் அடங்கிய கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் நீரிழிவு நோயுற்ற 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதலில் ஏற்றப்பட்ட சாறு தூய்மை போதாமல் ஒவ்வாமையை உண்டாக்க, உயிர்வேதியியலாளர் கொலிப் அதைத் தூய்மைப்படுத்திய பின்னரே சிகிச்சை பலித்தது. பெருமளவில் தயாரிப்பதற்கு எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனமும் சேர வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம், வைத்தியசாலை, மருந்து உற்பத்தியாளர் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அக்கண்டுபிடிப்பு ஆய்வேட்டோடு நின்றிருக்கும்.

நம் நாட்டிலிருந்தும் சிறந்த சான்று உண்டு. பாம்புக்கடிக்கு இங்கு வழங்கப்படும் விஷமுறிவு மருந்து குதிரைக் குருதியிலிருந்து செய்யப்படுவதால், உயிரைக் காக்கும் அதே மருந்து பலருக்குக் கடுமையான ஒவ்வாமையையும் தருகிறது. இலங்கை வைத்தியசாலைகளில் 1007 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, விஷமுறிவு மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரீனலினைத் தோலின் கீழ் ஏற்றினால், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் எதிர்விளைவுகள் 43% குறைகின்றன என்று காட்டியது. அட்ரீனலின் எந்தக் கிராமிய வைத்தியசாலையிலும் கிடைக்கும் பழைய, மலிவான மருந்து. புதுமை அதை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்ற அறிவில் இருந்தது. அதனால்தான், புதிய மருந்தைக் கண்டுபிடிப்பது மட்டுமே ஆய்வுப்பெயர்ப்பு என்று வரையறுப்பது போதாது எனக் கருதுகிறேன்.

கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் வழிவந்த மருத்துவ பீடமும், தேசிய வைத்தியசாலையும், 1900இல் தோன்றிய பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. எனினும் ஆய்வுப்பெயர்ப்புக்கு இந்த அண்மை மட்டும் போதாது. யார் மாதிரி சேகரிப்பது, யார் செலவைத் தாங்குவது, நோயாளியின் ஒப்புதலை அவருக்குப் புரியும் மொழியில் யார் பெறுவது என்ற உடன்பாடு தேவை.

இச்சொல்லுக்கு எதிர்த்திசையும் உண்டு. வைத்தியசாலை விடுதியில் வைத்தியர் கவனித்த வழமைக்கு மாறான அறிகுறி ஆய்வுகூடத்தின் கேள்வியாவதும் ஆய்வுப்பெயர்ப்பே. தேவையான இடத்தில் அதனை 'மீள்பெயர்ப்பு' என எழுதலாம்.