சோறு வேண்டாம் எண்டு சொன்னா வீடே ஏன் கலங்குது?

"மிஸ், நான் சோத்தை விட்டு ஒரு மாசமாச்சு. வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது."

உப்புவெளிப் பக்கத்து அக்கா ஒருவா, வயசு ஐம்பதுக்கு மேல, இதை என்னட்டைச் சொல்லேக்க ஏதோ களவெடுத்த ஆள் மாதிரிக் குரலைப் பதிச்சுத்தான் சொன்னவா. நான் திருகோணமலையில சீனி வருத்தக்காரருக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லுற வேலையில 11 வருசமா இருக்கிறன், மாச்சத்தை, அதுதான் சோறு, பாண், சீனியில இருக்கிற சத்தை, குறைச்சுச் சாப்பிடுறதைப் பற்றித் தினமும் கதைக்கிறன். ஆனா அண்டைக்குத்தான் எனக்கு உறைச்சுது, என்ன சாப்பிடுறது எண்டு சொல்லிக் குடுக்கிற நாங்கள், சுத்தி இருக்கிற சனத்தை எப்படிச் சமாளிக்கிறது எண்டு ஒரு சொல்லும் சொல்லிக் குடுக்கிறேல்லை. (அடையாளம் தெரியாம இருக்க சில விசயத்தை மாத்தித்தான் எழுதுறன்.)

அவா செய்தது இதுதான். கோப்பையில எல்லாரையும் போலச் சோத்தைப் போட்டு, மேல கறியை விட்டு, மீனையும் வறையையும் மட்டும் எடுத்துச் சாப்பிட்டிட்டு, மாமி அங்கால திரும்புற நேரம் பாத்து மிச்சத்தைப் பின்பக்கம் கோழிக்குப் போட்டிட்டு வந்திருக்கிறா. கிளினிக்கிலயும் சொல்லேல்லை, ஏனெண்டா முந்தி ஒருக்கா ஒரு இடத்தில சொல்லப் போய் நல்லா ஏச்சு வாங்கினவா. அதால குளிசை பழைய அளவிலயே ஓடிக்கொண்டு இருந்திருக்கு, கிளிக்கிளசைட் காலமையும் பின்னேரமும். சாப்பாட்டில மாச்சத்து இல்லை, குளிசை மட்டும் சீனியை இறக்கிக்கொண்டே இருக்குது. ஒருநாள் விடியப்புறம் மூண்டு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கதை குழறி, மனுசன் அதைப் பிரஷர் எண்டு நினைச்சுப் பச்சத்தண்ணி குடுத்திருக்கிறார். நல்ல காலம் மகள் எழும்பிக் குத்திப் பாத்திருக்கிறா, ரத்தச் சீனி 52. சீனி போட்டுத் தேத்தண்ணி குடுத்துத்தான் ஆள் திரும்பி வந்தது.

அந்த ஒரு மாசத்தில அவாவுக்கு நடந்ததைப் பாத்தா, சாப்பாட்டால வந்த பிரச்சினையை விட ஒளிச்சதால வந்த பிரச்சினைதான் பெரிசு. ஒளிக்க வைச்சது யார் எண்டு பாத்தா, அவாவில உயிரையே வைச்சிருக்கிற ஆக்கள்.

எங்கட இடத்தில ஒருத்தரைச் சாப்பிட வைக்கிறதுதான் மரியாதை, அன்பு, எல்லாம். வந்த ஆளிட்ட "சோறு திண்டாச்சோ?" எண்டு கேக்கிற சனம் நாங்கள். மெலிஞ்சா "என்ன வருத்தமோ" எண்டுதான் முதல் கேள்வி. இதுக்குள்ள இன்னொண்டும் இருக்கு, அதை நான் வயசானவையோட இருந்து கதைச்சுத்தான் அறிஞ்சன். 2006-ல சம்பூர், மூதூர் பக்கமிருந்து இடம்பெயர்ந்து முகாமில நிவாரண அரிசிக்கு வரிசையில நிண்ட அம்மாமார், சுனாமிக்குப் பிறகு ஆர் ஆரோ தந்த சோத்துப் பார்சலைப் பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுத்த அம்மாமார், அவைக்கு முன்னால நீங்கள் சோத்தை ஒதுக்கினா அது அவைக்கு டயட்டாத் தெரியாது. பட்டினியாத்தான் தெரியும். அந்தப் பயத்தோட வாதாடிப் பிரயோசனமில்லை, கோவிக்கவும் ஏலாது. முதல்ல அதை விளங்கிக்கொண்டீங்கள் எண்டா உங்கட வாயில வாற பதிலே மாறும்.

நான் அடிக்கடி பாக்கிற பிழை என்னெண்டா, சோத்தைக் குறைக்கத் தொடங்கி ரெண்டாம் கிழமையே ஆள் பிரசங்கியாகிடுறது. மேசையில ஆரும் பாணை எடுத்தா "அது நஞ்சு" எண்டுறது, யூடியூப்பில பாத்த கதையெல்லாத்தையும் மாமாவுக்கு ஒப்புவிக்கிறது. தான் அறுபது வருசம் சாப்பிட்டு வளர்ந்த சாப்பாட்டை நஞ்சு எண்டு சொன்னா மாமாவுக்குக் கோவம் வராம என்ன வரும்? நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுறது சோத்தை, சோறு போட்ட கையை இல்லை. அதை முகத்திலயும் காட்ட வேணும். "மாமி மீன் குழம்பு சரியான நல்லா இருக்கு, இன்னும் ரெண்டு துண்டு தாங்கோ" எண்டு கேட்டுப் பாருங்கோ, சோத்தைப் பற்றின கதை அரைவாசி அங்கயே நிண்டுடும்.

"டயட்" எண்ட சொல்லையும் நான் பாவிக்க வேண்டாம் எண்டுதான் சொல்லுறது. அந்தச் சொல் காதில விழுந்த உடன எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் வந்திடும். அதைவிட "சீனி இப்பதான் நல்லா இறங்கிக்கொண்டு வருது, அடுத்த ரிப்போர்ட் வரைக்கும் இப்படித்தான்" எண்டு சொல்லுங்கோ. ரிப்போர்ட் எண்டா சனம் மதிக்கும், முடிவு நாள் ஒண்டு இருந்தா மனசும் ஆறும். இது பொய்யும் இல்லை. எச்பிஏ1சி டெஸ்ட் கடைசி ரெண்டு மூண்டு மாசத்து ரத்தச் சீனிச் சராசரியைத்தான் காட்டும், ஏனெண்டா அது அளக்கிறது சிவப்பணுவில ஒட்டின சீனியை, அந்தச் சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் வாழும். அதால அடுத்த ரிப்போர்ட்டுக்கு மூண்டு மாசம் எண்டு நீங்கள் சொன்னா அது சரியான கணக்கு.

கேள்வியள் வரும், எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேணும் எண்டில்லை, ஆனா மெய்யாவே பயந்து கேக்கிற ஆளுக்குச் சொல்லத்தான் வேணும். "சோறில்லாட்டி மூளை எப்படி வேலை செய்யும்?" எண்டு கேப்பினம். மூளைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் அளவு குளுக்கோசு தேவைதான், ஆனா அது முழுக்கச் சாப்பாட்டில இருந்தே வரவேணும் எண்டில்லை, ஈரல் தானே தயாரிக்கும், மாச்சத்து நல்லாக் குறைஞ்சா கொழுப்பில இருந்து கீட்டோன் எண்ட மாற்று எரிபொருளும் வந்து கை குடுக்கும். "உது இப்ப புதுசா வந்த விசர்" எண்டுவினம். லண்டனில வில்லியம் பாண்டிங் எண்ட ஒருத்தர் பாண், சீனி, உருளைக்கிழங்கை விட்டு உடம்பு குறைஞ்சதைப் பற்றி 1863-லயே சின்னப் புத்தகம் போட்டவர், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின்ர 2019 அறிக்கையும் மொத்த மாச்சத்தைக் குறைக்கிறது ரத்தச் சீனியைக் கட்டுப்படுத்த உதவும் எண்டு ஏத்துக்கொண்டிருக்கு. "கொலஸ்ட்ரோல் கூடும்" எண்டு சொல்லுறவையை மட்டும் தட்டிக்கழிக்காதேங்கோ, சிலருக்கு மெய்யாவே கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறும். மூண்டு மாசத்தில ஒருக்கா ரத்தம் பாருங்கோ. கிட்னிக் குறைபாடு இருக்கிறவை, கர்ப்பிணியள், பால் குடுக்கிற தாய்மார், சின்ன வயசிலயே இன்சுலினில இருக்கிறவை, நீங்களா ஒண்டும் தொடங்க வேண்டாம்.

மாச்சத்தைக் குறைக்கிறது எண்டா சோத்தை முழுக்க விடுறது எண்டு நினைக்கிறதாலதான் வீட்டில பாதிச் சண்டை வருது. பொதுவா ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழ வந்தாலே அது குறைஞ்ச மாச்சத்துச் சாப்பாடு. ஒரு கப் சோத்தில சுமார் 45 கிராம். எங்கட ஆக்கள் மத்தியானத்தில போடுறது சாதாரணமா ரெண்டு மூண்டு கப், அதோட பருப்பு, கிழங்குக் கறி, ரெண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி நாலு தரம். அதால மத்தியானம் அளந்து ஒரு சின்னக் கப் சோறு, மற்ற நேரம் முட்டை, மீன், வறை எண்டு வைச்சாலே பலபேருக்கு நல்ல மாற்றம் தெரியும். குரக்கன் மாவைக் கொண்டுவந்து "இது சீனிக்கு நல்லது, எவ்வளவும் சாப்பிடலாம்" எண்டு தாற அன்ரிமார் இருக்கினம், அன்பா வாங்குங்கோ, ஆனா 100 கிராம் குரக்கன் மாவில 70 கிராமுக்கு மேல மாச்சத்துத்தான். எங்கட ஊரில மீனுக்குக் குறையில்லை, சூரையோ பாரையோ எதெண்டாலும் அதில மாச்சத்தே கிடையாது. கிண்ணியாத் தயிரும் அளவாச் சாப்பிடலாம், அதுக்கு மேல விடுற பாணிதான் கூடாது.

விசேச வீடுகள்தான் சோதனை. சாமத்திய வீடு, குடிபுகுதல், எட்டுச் செலவு, எல்லாத்திலயும் பரிமாறுற ஆள் வெறுங்கோப்பையைக் கண்டா கை சும்மா இருக்காது, அகப்பை தானா வரும். அதால சோறு வர முதலே மரக்கறியாலும் மீனாலும் கோப்பையை நிரப்புங்கோ. வீட்டில முட்டை ரெண்டைச் சாப்பிட்டிட்டுப் போங்கோ, பசியோட போய் மறுக்கிறது கஷ்டம். கோயில் பிரசாதம், புக்கை, மோதகம் எண்டா மறுக்கவே வேண்டாம், ஒரு கிள்ளு வாயில போட்டிட்டு மிச்சத்தைப் பக்கத்தில இருக்கிற பிள்ளைக்குக் குடுங்கோ, அதை ஒருத்தரும் குறையா நினைக்க மாட்டினம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரங்கள் சஹன் எண்ட பெரிய தட்டில போடுற சோத்தைப் பற்றிக் கேட்டவை, ஒரே சஹனில நாலைஞ்சு பேர் சேர்ந்து சாப்பிடேக்க என்ன செய்யிறது எண்டு. அங்க ஒருவிதத்தில லேசு, உங்கட பக்கத்துச் சோத்தைக் கொஞ்சமாத் தொட்டு, இறைச்சியோட மெதுவாச் சாப்பிட்டா ஒருத்தருக்கும் விளங்காது. நோன்பு காலத்துக்கு மட்டும் குளிசை நேரத்தையும் அளவையும் முதலே டொக்டரோட கதைச்சு மாத்த வேணும்.

புகழ்ச்சியும் ஒரு ரியாக்‌ஷன்தான், அதுக்கும் ஆயத்தமா இருங்கோ. முதல் கிழமையே மூண்டு கிலோ குறைஞ்சா எல்லாரும் அதிசயப்படுவினம், ஆனா அதில கனக்கத் தண்ணிதான். உடம்பில சேமிச்ச மாச்சத்து, கிளைகோஜன் எண்டுறது, ஒவ்வொரு கிராமும் மூண்டு கிராம் அளவு தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், அது கரையேக்க தண்ணியும் போகும். இது தெரியாட்டி அடுத்த மாசம் நிறை அசையாம நிக்கேக்க மனசு உடைஞ்சுபோகும். இன்னும் பெரிய பயம், "உங்கட டயட்டை எனக்கும் எழுதித் தாங்கோ" எண்டு கேக்கிற பக்கத்து வீட்டுக்காரர். அவர் இன்சுலின் போடுறவரா இருக்கலாம், எம்பகிளிபுளோசின், டபகிளிபுளோசின் மாதிரிச் சீனிக் குளிசை எடுக்கிறவரா இருக்கலாம். அந்தக் குளிசையோட மாச்சத்தை ஒரேயடியா வெட்டினா, மெசினில சீனி பெரிசா ஏறாமலே ரத்தம் அமிலமாகி உயிராபத்து வரலாம். எழுதிக் குடுக்காதேங்கோ, கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கோ.

ஊருக்கு விளக்கம் சொல்லாட்டியும் பரவாயில்லை. ஆனா ரெண்டு பேருக்குக் கட்டாயம் தெரியவேணும். ஒண்டு உங்கட டொக்டர். சாப்பாட்டை மாத்த முதலே கிளினிக் கொப்பியோட போய் "நான் சோத்தைக் குறைக்கப் போறன், குளிசையை என்ன செய்யிறது" எண்டு நேராக் கேளுங்கோ, பிரஷர் குளிசையும் குறைக்க வேண்டி வரலாம். ஒருத்தர் ஏசினா இன்னொரு டொக்டரிட்டக் கேளுங்கோ, ஒளிக்க மட்டும் வேண்டாம். மற்றது, உங்களோட ஒரே வீட்டில படுக்கிற ஒரு ஆள். சீனி 70-க்குக் கீழ போனா வேர்க்கும், நடுங்கும், கதை குழறும் எண்டு அவருக்குத் தெரியவேணும். மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிசம் கழிச்சுத் திரும்பக் குத்திப் பாக்கவேணும். நினைவு தப்பின ஆளின்ர வாயில ஒண்டும் ஊத்தக்கூடாது, 1990-க்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடவேணும்.

அந்த அக்காவை அடுத்த முறை மாமியையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னன். மாமி வந்து கதிரையில இருந்த உடன எனக்குத்தான் முதல் ஏச்சு, "பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கிறியளோ?" நான் மறுத்து ஒண்டும் கதைக்கேல்லை. வீட்டு மெசினால ரெண்டு நாள் குத்திப் பாத்து எழுதிக்கொண்டு வரச்சொன்னன், ஒருநாள் வழமையான புட்டு, மற்றநாள் முட்டையும் மீனும் கீரையும், ரெண்டும் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தால. குத்தினது மாமிதான், எழுதினதும் மாமிதான். பேரப்பிள்ளையின்ர கொப்பியில கிழிச்ச தாளில பென்சிலால 238 எண்டும் 146 எண்டும் எழுதியிருந்தது, 238-ஐச் சுத்தி ரெண்டு தரம் வட்டம் போட்டிருந்தா. குளிசை அளவை டொக்டர் குறைச்சுக் குடுத்தார். மத்தியானத்துக்கு அளந்து ஒரு அகப்பைச் சோறு எண்டு மூண்டு பேருமா ஒத்துக்கொண்டம்.

பிறகு ஒரு குடிபுகுதல் வீட்டில அவையைக் கண்டன். பரிமாற வந்த பெடியன் ரெண்டாம் அகப்பையைத் தூக்கினான். அக்கா வாய் திறக்க முதல் மாமி கையைக் கோப்பைக்கு மேல விரிச்சு மறிச்சுக்கொண்டு சொன்னா, "அவாவுக்கு ஒண்டு காணும் தம்பி, மீனை வடிவாப் போடு."