பீப்பாயில் முதிர்ந்த ஸ்டௌட்டை நாக்கால் அளக்காதீர்கள்

உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் பானம் பரிமாறும் ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். அவ்வகுப்புகளில் பெயரையும் ஆல்கஹால் விழுக்காட்டையும் மறைத்துவிட்டு, கறுத்த பீர் ஒன்றைச் சிறு குவளைகளில் ஊற்றிக் கொடுத்து, இதில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கும் என்று கேட்பது என் வழக்கம். ஆறு, ஏழு என்றே பெரும்பாலோர் எழுதுவார்கள். உண்மையில் அது பர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் பல மாதம் முதிர்ந்த இம்பீரியல் ஸ்டௌட். அதன் வலிமை 12 விழுக்காடு. இத்துறையில் நெடுநாள் இருப்பவர்களும் இதில் ஏமாறுகிறார்கள் என்றால் அதற்குக் கவனக்குறைவு காரணம் அன்று. அந்தப் பீர் உருவாகும் முறையே தன் வலிமையை மறைக்கும்படி அமைந்திருக்கிறது.

இம்பீரியல் ஸ்டௌட் என்பது 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் காய்ச்சப்பட்டு, ரஷ்ய அரசவைக்கும் பால்டிக் துறைமுகங்களுக்கும் கப்பலேற்றப்பட்ட வலிமையான கறுப்பு பீரின் வழிவந்தது. அதை விஸ்கிப் பீப்பாய்க்குள் இட்டு முதிர்விக்கும் வழக்கம் மிகவும் பிந்தியது. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் நிறுவனம் 1990களில் வெளியிட்ட பர்பன் கவுண்டி ஸ்டௌட்டே இவ்வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பீப்பாய்கள் தாராளமாகக் கிடைப்பதற்கு அமெரிக்கச் சட்டம்தான் காரணம். பர்பன் என்று பெயரிட வேண்டுமானால் மூலத் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் கரியாகும்படி சுடப்பட்ட புதிய ஓக் மரக்கலத்தில் அதை வைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாயில் மறுபடியும் பர்பன் முதிர்விக்க முடியாது என்பதால், ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் அப்பீப்பாய்கள் வேறு மது தயாரிப்பவர்களுக்கு விற்கப்படுகின்றன.

காலியாகிவிட்டது என்று சொல்லப்படும் அந்தப் பீப்பாய் உண்மையில் காலியாக இருப்பதில்லை. வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப விஸ்கி மரப்பலகைக்குள் புகுந்தும் வெளியேறியும் பல ஆண்டுகள் கிடந்ததால், அதன் ஒரு பகுதி மரத்துக்குள்ளேயே ஊறி நின்றுவிடுகிறது. பின்னர் ஊற்றப்படும் ஸ்டௌட் அதைத் தன்னுள் இழுத்துக்கொள்வதால் பீரின் வலிமை சற்றே கூடுகிறது. அதே சமயம், மரத்தில் உள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் சிதைந்ததால் உண்டான வெனிலின் வெண்ணிலா மணத்தையும், ஓக் மரத்தின் லாக்டோன் என்னும் மணப்பொருள்கள் தேங்காய் மணத்தையும், சுடப்பட்ட மரச்சர்க்கரைகள் காய்ச்சிய சர்க்கரைப் பாகின் வாசனையையும் பீருக்குத் தருகின்றன.

மறைப்பு வேலை இங்கேதான் தொடங்குகிறது. வெண்ணிலா, தேங்காய், பாகு ஆகிய மூன்றும் பாயசத்திலும் கேக்கிலும் நமக்குப் பழகிய வாசனைகள். அவை மூக்கில் ஏறிய உடனே நாக்கு இனிப்பை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பும் வீண்போவதில்லை. இவ்வளவு கெட்டியான மால்ட் (முளைகட்டிய தானிய) சாற்றிலிருந்து ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்று தீர்ப்பதில்லை. மிஞ்சும் சர்க்கரையும், டெக்ஸ்டிரின் என்னும் மாவுச்சத்துத் துணுக்குகளும் பீரை வழுவழுப்பாக்கி ஆல்கஹாலின் எரிச்சலை மூடிவிடுகின்றன. வாயு குறைவாக இருப்பதால் வயிறு நிறைந்த உணர்வும் வருவதில்லை. லாகர் என்னும் சாதாரண வெளிர்நிற பீரில் வயிற்று உப்புசமே ஒரு தடையாகி நம்மை நிறுத்தும்; இதில் அந்தத் தடையும் கிடையாது.

சுவைத்துப் பார்க்கும் முறையை நான் இரண்டு காரணங்களுக்காக வலியுறுத்துகிறேன். முதலாவது, நம் ஊரில் எல்லாப் பீரையும் ஐஸ்போல் குளிர்வித்துக் குடிக்கும் பழக்கம். 4 பாகை செல்சியஸில் இந்த ஸ்டௌட் ஊமையாகிவிடுகிறது. மணமும் தெரியாது, ஆல்கஹாலும் தெரியாது. சிங்கப்பூர் வெப்பத்தில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் மேசைமேல் வைத்தாலே 12 அல்லது 13 பாகைக்கு வந்துவிடும். இரண்டாவது காரணம் அளவு. அடிப்பகுதி அகன்று வாய் குறுகிய சிறு குவளையில் 60 முதல் 90 மில்லிலிட்டர் ஊற்றினால் போதும். குவளையை மெல்லச் சுழற்றிப் பாருங்கள்: நுரை பழுப்பு நிறத்தில் எழுந்து சீக்கிரமே அடங்கும், சுவரில் ஒட்டிய திரவம் உடனே வழியாமல் மெதுவாக இறங்கும். மூக்கைக் குவளைக்குள் முழுக்க நுழைக்காமல் விளிம்பில் வைத்து முகர்ந்தால் முதலில் வெண்ணிலா, அதன்பின் வறுத்த மால்ட், கடைசியில் மூக்கின் உட்புறத்தைத் தொடும் ஒரு சூடு என்று அடுத்தடுத்து வரும். அந்தச் சூடுதான் ஆல்கஹால். வாயில் வைத்த மடக்கை உடனே விழுங்காமல் நாக்கின்மேல் பரவவிட்டால் கருப்பட்டியும் உலர்ந்த அத்திப்பழமும் முன்னே நிற்கும். விழுங்கிய பிறகு காப்பி ஓ கொசோங்கின் (பாலும் சர்க்கரையும் சேர்க்காத காப்பியின்) கசப்பு அடித்தொண்டையில் தங்கும், நெஞ்சு வெதுவெதுக்கும். புளிப்பு அடித்தால் பாக்டீரியா புகுந்திருக்கலாம். சோயா சாஸ் வாடை அடித்தால் ஈஸ்ட் செத்துச் சிதைந்திருக்கலாம். அத்தகைய பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

இப்படிச் சுவைக்கும்போது 90 மில்லிலிட்டருக்கே அரைமணி நேரம் எடுக்கும். குடிப்பவர்கள் அப்படிச் செய்யாமல் பாட்டில் கணக்கில் எண்ணுவதுதான் சிக்கல். ‘ரெண்டே ரெண்டு பீர்தான்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் எண்ண வேண்டியதை அவர் எண்ணவில்லை. இதில் சிங்கப்பூர்ச் சுங்கத் துறையின் கணக்கு எனக்குப் பிடிக்கும். அது பாட்டிலை எண்ணுவதில்லை. உள்ளே இருக்கும் தூய ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பீருக்குக் கலால் தீர்வை விதிக்கிறது. 330 மில்லிலிட்டர், 5 விழுக்காட்டுக் கேனில் தூய ஆல்கஹால் 16.5 மில்லிலிட்டர்; தீர்வை ஏறக்குறைய ஒரு வெள்ளி. 355 மில்லிலிட்டர், 12 விழுக்காட்டு ஸ்டௌட்டில் 42.6 மில்லிலிட்டர், தீர்வை இரண்டரை வெள்ளிக்குச் சற்று மேல். அரசாங்கக் கணக்கில் அது இரண்டரை பீர் என்றால், நம் கணக்கில் மட்டும் எப்படி ஒன்றாகும்?

எடையில் சொன்னால் அந்தக் கேனில் 13 கிராம், பாட்டிலில் 34 கிராம். 500 மில்லிலிட்டர், 14 விழுக்காட்டுப் பாட்டில்களும் இவ்வகையில் உண்டு. அதில் 55 கிராம், அதாவது நான்கு கேனுக்கு மேல். சராசரி உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் கழிக்க வல்லது. கெட்டிக் காப்பி, குளிர்ந்த நீர்க் குளியல், தூக்கம் எதுவும் ஈரலை விரட்டி வேலை வாங்காது.

வாகனம் ஓட்டுபவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம், அல்லது 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண், வெறும் வயிற்றில், மேற்சொன்ன 12 விழுக்காட்டுப் பாட்டில் ஒன்றை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் அவர் அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும் என்று கணக்கு காட்டுகிறது. 70 கிலோ ஆணும் வரம்பை நெருங்கக்கூடும். வரம்புக்குக் கீழே இருந்தாலும், வாகனத்தைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டினால் குற்றம் குற்றமே.

பரிமாறும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் கேட்பதெல்லாம் இதை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். அறிவுரை சொன்னால் கோபம் வரும், சொல்லாவிட்டால் பொறுப்பு நம்மேல் விழும். நான் கற்றுக்கொடுப்பது இவ்வளவே: இரண்டாவது பாட்டில் கேட்கும்போது, “அண்ணே, இது ஒண்ணே ரெண்டரை கேன் பீருக்குச் சமம். முதல்ல சாப்பாடு சொல்லிடுறீங்களா? தண்ணியும் கொண்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு உடனே தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். எண்ணைச் சொன்னால் பெரும்பாலோர் வியப்படைகிறார்களே தவிர சினப்படுவதில்லை. மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் விழுக்காட்டையும் அச்சிடும்படி முதலாளிகளிடம் நான் தொடர்ந்து வற்புறுத்தி வருகிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் அழகு கெட்டுவிடும் என்கிறார்கள்.

கறுப்பு பீர் உடம்புக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளிலும் சீனர் வீடுகளிலும் பழையது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஸ்டௌட் கொடுத்த பாட்டிமார் இருந்தார்கள். அதில் உள்ள இரும்புச் சத்து மிகச் சொற்பம். தாய்ப்பாலில் ஆல்கஹால் கலக்கும் என்பதோ உறுதியானது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகவை 1988லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிபிசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு: ஈரல் ஆல்கஹாலைக் கழிப்பதில் ஈடுபட்டிருக்கும்போது புதிதாகச் சர்க்கரை உற்பத்தி செய்வது குறைவதால், இனிப்பான இந்தப் பீரைக் குடித்த சில மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மருந்து உட்கொள்பவர்கள் பாட்டிலைத் திறக்கும் முன்பே தங்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுவிட வேண்டும்.

மற்றவர்கள் குடிப்பதானால் 355 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதையே நான் பரிந்துரைப்பேன். ஆளுக்கு 90 மில்லிலிட்டர் வரும். ஆல்கஹால் எட்டரை கிராம், ஒரு கேன் லாகரில் உள்ளதைவிடக் குறைவு. வீட்டில் பகிர்வதே வசதி; ஏனெனில் சிங்கப்பூரில் இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடத்தில் மது அருந்தவும் கடையில் வாங்கிச் செல்லவும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது, லிட்டில் இந்தியா, கேலாங் வட்டாரங்களில் வார இறுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நான்கு பேர் சேரவில்லை என்றாலும் திறந்துவிட்டோமே என்று முழுவதையும் குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. வாயு முன்பே குறைவான பீர் என்பதால், இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் நிறுத்தி வைத்தால் மறுநாள் மாலையிலும் அதன் மணம் பெரிதாகக் குறைந்திருக்காது.