ஆஸ்ட்ரோடர்ஃபிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

"இந்த போனை ஆறு மாசமா வச்சிருக்கேன், ஒரு குறையும் இல்ல" என்று இணைய உரையாடல் தளம் ஒன்றில் யாரோ எழுதுகிறார். உண்மையில் அவர் போன் வாங்கவில்லை, கம்பெனியிடம் காசுதான் வாங்கியிருக்கிறார். இப்படிச் சாதாரண வாடிக்கையாளர்போல வேடம் போட்டு, பணம் கொடுத்தவரை மறைத்துச் செய்யும் பிரசாரத்துக்குப் பெயர் ஆஸ்ட்ரோடர்ஃபிங்.

ஆஸ்ட்ரோடர்ஃப் என்பது ஒரு செயற்கைப் புல். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் ஆஸ்ட்ரோடோம் என்ற மூடுகூரை மைதானம் திறக்கப்பட்டது. கூரை வழியே இறங்கிய வெளிச்சத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குக் கண் கூசியது, பந்து தெரியவில்லை. சரி என்று கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். கூச்சம் போனது, வெயில் படாமல் புல்லும் செத்தது. 1966இல் மான்சான்டோ நிறுவனத்தின் நைலான் புல்லை விரித்தார்கள். கெம்கிராஸ் என்றிருந்த அதன் பெயர், மைதானத்தை ஒட்டி ஆஸ்ட்ரோடர்ஃப் ஆனது.

அடிமட்டத்திலிருந்து தானாக எழும் மக்கள் ஆதரவை ஆங்கிலத்தில் 'கிராஸ்ரூட்ஸ்', அதாவது 'புல்வேர்' என்பார்கள். 1985இல் டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சனுக்குக் கடிதங்கள் குவிந்தன. பொதுமக்கள் எழுதியவைபோல இருந்தாலும் பின்னால் இருந்தவை காப்பீட்டு நிறுவனங்கள். புல்வேர் எது, ஆஸ்ட்ரோடர்ஃப் எது என்று டெக்சாஸ்காரனுக்குத் தெரியும் என்றார் அவர். அங்கிருந்துதான் இந்தப் பொருள் பரவியது.

இணையத்தில் இது புகழ்ச்சியோடு நிற்பதில்லை. தைவானில் சாம்சங் ஆள் பிடித்து, தன் போன்களைப் பாராட்டியும் போட்டி நிறுவனமான எச்டிசியின் போன்களைத் திட்டியும் எழுத வைத்தது. அந்நாட்டு வணிக ஆணையம் 2013இல் அதற்கு 1 கோடி தைவான் டாலர் அபராதம் போட்டது. அதே ஆண்டு நியூயார்க் அரசு அதிகாரிகள் புரூக்ளினில் தயிர்க்கடை நடத்துவதாக நடித்து, போலி மதிப்புரை எழுதித் தரும் நிறுவனங்களைப் பிடித்தார்கள். (வேடத்தை வேடத்தால்தான் பிடிக்க வேண்டும்போல!) 19 நிறுவனங்கள் அபராதம் கட்டின.

தமிழில் 'மறைமுக விளம்பரம்' எனலாமா? அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: மதுபானப் பெயரில் சோடா விற்பதை அப்படித்தான் சொல்கிறோம். அதில் கம்பெனி பெயர் வெளிப்படையாகவே தெரியும். 'கூலிக்கு மாரடிப்பது' என்ற வழக்கு கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் கூலிக்கு வந்தவர் என்பது இழவு வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இங்கே அது தெரியக்கூடாது என்பதுதான் திட்டமே. பேச்சில் 'செட்டப்' என்போம். குறி சரி, எழுத்துக்கு ஒட்டாது. அதனால் பொருள் விற்கச் செய்வதற்கு 'முகமூடி விளம்பரம்' என்பதே என் தேர்வு. அரசியலில் ஃபேக் ஐடிகளை வைத்துக் கூட்டம் காட்டுவதற்கு 'போலி மக்கள்குரல்' எனலாம். காசு வாங்கியதைச் சொல்லிவிட்டுப் பாராட்டுபவருக்கு இரண்டுமே பொருந்தாது. அது வெறும் விளம்பரம்.